நான்காவது வரிசையிலிருந்து வந்த குரல்

போன வாரம் எடிட்டிங் அறையில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எதிர்ல உக்காந்திருக்கறவர் பொய் சொல்றார்னு நல்லாவே தெரியுது. கேமராவும் ஓடுது. அப்ப நீங்க என்ன மேடம் செய்வீங்க?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு முறை அப்படி உட்கார்ந்திருந்தபோது என்ன செய்தேன் என்பதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பேட்டியின் கடைசிப் பத்து நிமிடத்தை, யாரோ கைபேசியில் எடுத்ததை, நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நான் வானொலியில் சேர்ந்த புதிதில் ஒரு நாதஸ்வரக் கலைஞரைப் பேட்டி கண்டேன். உங்கள் குரு உங்களைப் பாராட்டியிருக்கிறாரா என்று கேட்டேன். அவர் பேசாமல் இருந்தார். மூன்று நொடி, நான்கு நொடி. ஒலிபரப்பில் இவ்வளவு அமைதி ஆகாது என்று பயந்து, அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். பதிவு முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வெளியே வந்தார். கோபமாகக்கூட இல்லை. "அவரு சொல்ல வாயத் தொறந்தாரும்மா. நீங்க மூடிட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் தொழிலில் பாதி என்று பழகினேன். முப்பது ஆண்டுகள் அப்படித்தான் ஓடின. அது கைவிட்டுப்போன ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, பார்வையாளர்கள் முன்னிலையில் கலைஞர்களோடு நீண்ட உரையாடல்களை நடத்திக்கொண்டிருந்தேன். இணையத்தில் நேரலையாகவும் போகும். விருத்தாசலத்தில் நடந்த உரையாடலுக்கு விருந்தினர் தனபால். 'சங்கு' தனபால் என்றால் உங்களுக்குத் தெரியும். ஊர்த் திருவிழா மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் முப்பது வருடமாக அவர் செய்துவரும் 'கேட்டுக் கிழவி' நினைவிருக்கிறதா? பீங்கான் கம்பெனியில் வேலை செய்யும் மருமகளுக்கு மதியச் சோறு கொண்டுவந்து, கேட்டு வாசலில் வாட்ச்மேனோடு மல்லுக்கு நிற்கும் கிழவி.

"ஏம்ப்பா வாட்ச்மேனே, சோறு ஆறுது, கேட்டத் தொற. நான் என்ன ஒங் கம்பெனியத் தூக்கி முந்தானையில முடிஞ்சிக்கிட்டா ஓடப் போறேன்? பூனையெல்லாம் உள்ள போவுது வருது, அதுங்ககிட்ட பாஸு கேட்டியா நீ?"

கடைசியில் கிழவி, "கிட்ட வாயேன், ஒரு ரகசியம் சொல்றேன்" என்று வாட்ச்மேனைக் கூப்பிடுவாள். வாட்ச்மேன் காதை நீட்டுவான். அவள் வாயைத் திறக்கும்போது தனபால் தன் வாயாலேயே கம்பெனிச் சங்கை ஊதுவார். கிழவி அலறியடித்து ஓடிவிடுவாள். ரகசியம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அந்த முடிவை எழுதிப் பாராட்டாத பத்திரிகை இல்லை.

தனபால் விருத்தாசலத்துக்காரர். மேடைக்கு வருமுன் அதே ஊரில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். அதனால் உரையாடலுக்கு இரண்டு நாள் முன்பே போய், அவரோடு வேலை பார்த்தவர்களைத் தேடினேன். அப்படித்தான் விருத்தாம்பாள் வீட்டுக்குப் போனேன். அறுபத்தைந்து வயதிருக்கும். சுட்டு எடுத்த ப்யூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் பளபளப்பாக்க வெள்ளைக் குழம்பில் முக்கி எடுப்பார்களே, அந்த கிளேஸ் செக்‌ஷனில் இருபது வருடம் இருந்தவர்.

"தனபால் அப்பவே இப்படித்தான் கிழவி மாதிரி பேசிக்காட்டுவாரா?" என்று கேட்டேன்.

அவர் அடுக்களையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, "அவன் எங்க பேசுனான்? ஏம்ப்பா வாட்ச்மேனே, சோறு ஆறுது, கேட்டத் தொற" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. தனபாலின் குரல் அல்ல அது. தனபால் எந்தக் குரலைப் போலச் செய்கிறாரோ அந்தக் குரல்.

அவரும் சட்டென்று நிறுத்திவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது என்று முகத்தில் தெரிந்தது. டீயை என் முன்னால் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளேஸ் செக்‌ஷன் பெண்களைச் சிரிக்கவைக்க அவர் செய்துகாட்டியதுதான் அந்தக் கிழவி. பக்கத்துச் சூளையிலிருந்த தனபால் கேட்டிருக்க வேண்டும்.

"நெசமாவே அப்படி ஒரு கிழவி இருந்தாங்களா?"

"எங்க மாமியாரு" என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வூட்டுக்காரருக்கு இது தெரியாதும்மா. அவரு அப்பல்லாம் பெண்ணாடத்துல கரும்பு டிராக்டரு ஓட்டுனாரு. விடிய முன்ன போனா இருட்டிதான் வருவாரு. டிவியில இந்தக் கிழவி வந்தா வுழுந்து வுழுந்து சிரிக்கிறாரு. அது அவங்க அம்மான்னு தெரிஞ்சா? பெத்த தாய ஊரே பாத்து சிரிக்க வச்சேன்னு ஆயிடும். அவங்க செத்து இருவது வருசம் ஆவுது."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு அவனக் கேளுங்க. அது உங்க வேல. அவனா சொன்னா சொல்லிட்டுப் போறான். ஆனா கிளேஸு செக்சனு, மத்தியானம், பொம்பளைங்க, இதெல்லாம் உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது."

"வராது" என்றேன்.

இந்த ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

கடலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. நாற்காலிகள் நிரம்பி ஆட்கள் சுவரோரமும் நின்றார்கள். முன்வரிசைகளில் பழைய கம்பெனி ஆட்கள். நான்காவது வரிசையில் மஞ்சள் புடவையில் விருத்தாம்பாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக அவர் கணவர் கலியபெருமாள். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேடைக்கு மிக அருகில் உட்கார வேண்டும் என்று அவர்தான் மனைவியை இழுத்து வந்ததாகப் பின்னால் தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. சூளைச் சூடு, முதல் மேடை, மாசி மகத்தில் கல்லெறி வாங்கியது என்று தனபால் கூட்டத்தைக் கையில் வைத்திருந்தார். பிறகு நான் கேட்டேன்: "கேட்டுக் கிழவி எப்படி வந்தா? யார்கிட்டேர்ந்து?"

தனபால் ஒரு வினாடி தயங்கினார். அவர் கண் கூட்டத்தில் எங்கோ போய்த் திரும்பியது. அப்போது எனக்கு அது என்னவென்று புரியவில்லை.

"யார்கிட்டேர்ந்தும் இல்ல மேடம். ஒரு நாள் மணிமுத்தாத்துல குளிச்சிக்கிட்டு இருந்தேன். தானா வந்துச்சு."

எல்லாப் பேட்டியிலும் சொல்வதுதான். நான் பேசாமல் இருந்தேன். ஒலிப்பதிவுக்காரரிடம் கற்றது. மூன்று நொடி. ஐந்து நொடி. அவர் வேர்வையைத் துடைத்தார். அந்த அமைதி அவருக்குத் தாங்கவில்லை. அதை நிரப்ப ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன் மேடம், தப்பா நெனைக்காதீங்க. பொம்பளைங்களுக்குக் காமெடி வராது. பொம்பளை மாதிரி பேசிச் சிரிக்க வைக்கவே ஒரு ஆம்பளதான் வேணும்."

கூட்டம் கைதட்டியது. கலியபெருமாள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அவர் பக்கத்தில் விருத்தாம்பாள் தலையைக் குனிந்து மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

எனக்குள் ஏதோ சூடாக ஏறியது. நியாயமான கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். மேடை ஓரத்துத் திரையில் நேரலை பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. இவரை இங்கேயே மடக்கினால் எப்படி இருக்கும் என்றும் ஒரு எண்ணம் ஓடியது. இரண்டில் எது என்னைப் பேசவைத்தது என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கிளேஸ் செக்‌ஷன்ல மத்தியானம் பொம்பளைங்க சிரிச்சிக்கிட்டிருந்தது உங்க சூளைக்குக் கேக்காதா தனபால்?"

அவ்வளவுதான் கேட்டேன். ஒரு பெயரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்ற மூன்றையும் சொல்லிவிட்டேன்.

தனபாலின் முகம் சுண்டிப்போனது. சட்டைக் காலரில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி முக்காலியில் வைத்தார். எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார். கூட்டத்தில் முதலில் சிரிப்பு. அது நாடகத்தின் பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு சலசலப்பு. பின்வரிசையிலிருந்து யாரோ, "கூப்புட்டு வச்சு அசிங்கப்படுத்துறீங்களா?" என்று கத்தினார். கேமராக்காரர் சைகை காட்டினார்: நேரலையை நிறுத்தட்டுமா? நிறுத்தச் சொன்னேன். அன்று நான் செய்த முதல் சரியான காரியம் அது. ஆனாலும் முப்பது நாற்பது கைபேசிகள் உயர்ந்தபடிதான் இருந்தன.

மாப்பிள்ளை அறையில் தனபால் கண்ணாடிக்கு முன் நின்றிருந்தார்.

"எவ்ளோ நாளா திட்டம் போட்டீங்க மேடம்?"

"திட்டம் இல்ல. நான் செஞ்சது தப்பு. அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "மஞ்சப் பொடவை. நாலாவது வரிசை."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது.

"முப்பது வருசமா மேடை ஏறுன ஒடனே கூட்டத்துல அந்தக்கா மூஞ்சி இருக்குதான்னுதான் பாப்பேன். இருந்தா செத்தேன்னு நெனைப்பேன். ஒரு தடவகூட இல்ல. இன்னிக்கு இருக்குது" என்றவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பயத்துலதான் மேடம் ஒளறிட்டேன், பொம்பளைங்களுக்கு வராதுன்னு. அவங்க எழுந்து கேட்டுடுவாங்களோன்னு."

வெளியே விசில் சத்தம் கேட்டது. ஏற்பாட்டாளர் கதவைத் தட்டினார்.

"நான் என்ன சொல்லட்டும்?" என்று தனபால் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போறதுன்னாலும் போங்க, நான் சமாளிச்சிக்கறேன். ஆனா என்ன சொன்னாலும் அவங்க பேரு மட்டும் வேண்டாம். அவங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்கார்."

நான் முதலில் மேடைக்குப் போனேன். இருக்கையில் உட்காராமல் நின்றபடியே சொன்னேன்: "நான் கேட்டிருக்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டேன். தவறு என்னுடையது. அவருடையது அல்ல." என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டது அன்றுதான். ஒருவர் முகத்திலும் இரக்கம் இல்லை.

சில நிமிடம் கழித்துத் தனபால் வந்தார். மைக்கைக் கையில் எடுத்தார்.

"நான் பொய் சொன்னேன்" என்றார். "ஆத்துல வரல. சூளைக்கும் கிளேஸு செக்சனுக்கும் நடுவுல ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஒரு அக்கா பேசும். இந்தப் பக்கம் நான் கேப்பேன். எல்லாரும் கிழவியோட ரகசியம் என்னன்னு கேக்கறீங்க. எனக்குத் தெரியாது. அந்த எடத்துல அன்னிக்கு நெசமாவே சங்கு ஊதிடுச்சு. பொம்பளைங்க எழுந்து போயிட்டாங்க. பெரிய மூளைக்காரன்னு எழுதுறாங்களே, அதுக்கு மேல எனக்குக் கெடைக்கல, அதான். அந்தக்கா யாருன்னு நான் சொல்ல மாட்டேன். கேக்காதீங்க."

அவர் சொல்லவில்லை. ஆனால் பூட்டை நான் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தேன். இரண்டாவது வரிசையில் பழைய கம்பெனிப் பெண் ஒருவர் முழுசாகத் திரும்பி, வாயெல்லாம் சிரிப்பாக, "ஏ விருத்தாம்பா! ஒன்னத்தாண்டி சொல்றான்!" என்று கூவினார்.

கைபேசிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.

கலியபெருமாள் மனைவியைப் பார்த்தார். "ஒன்ன ஏன் கூப்புடறாங்க?"

விருத்தாம்பாள் என்னைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் என்னைக் கோபமாகப் பார்த்திருக்கிறார்கள். இது கோபம் அல்ல. 'நீங்களா?' என்கிற பார்வை. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவர் எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையசைத்தார். கணவரைப் பார்க்காமல், மேடையைப் பார்த்து, அந்தக் குரலில் பேசினார்.

"கிட்ட வாயேன் வாட்ச்மேனே, ஒரு ரகசியம் சொல்றேன். எம் மவன் வந்து கேட்டான்னா நான் இங்க வரவே இல்லன்னு சொல்லிடு. மருமவ வேலைக்குப் போறது எனக்குப் புடிக்கலன்னு அவங்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். சோறு கொண்டாறேன்னு தெரிஞ்சா எம் மானம் போயிடும்!"

மண்டபம் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பைத் தனபாலே தன் மேடைகளில் கேட்டிருக்க மாட்டார். அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒரே ஒருவர் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவா?" என்றார் கலியபெருமாள். பக்கத்திலிருந்தவர்கள் அடங்கினார்கள். பிறகு அந்த வரிசை. பிறகு மண்டபம்.

"ம்."

"எங்கம்மா சோறு கொண்டாந்துச்சா ஒனக்கு?"

"ம்."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஆவாதுன்னுதான நான் இம்மா நாளா..." அவர் முடிக்கவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னு சத்தியம் வாங்குனாங்க."

ஏதாவது சொல்லி அந்த நிலையைத் தளர்த்தும்படி ஏற்பாட்டாளர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் செய்த இரண்டாவது சரியான காரியம். கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். விருத்தாம்பாள் பின்னாலேயே போனார். தனபால் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கைகூப்பினார். நான் நிகழ்ச்சியை அத்தோடு முடித்தேன்.

நீங்கள் பார்த்த காணொளி இங்கே நின்றுவிடுகிறது. மண்டப வாசலில் நடந்ததை யாரும் எடுக்கவில்லை. நான் வெளியே வந்தபோது கலியபெருமாள் தள்ளி, சாலையைப் பார்த்து நின்றிருந்தார். விருத்தாம்பாள் நேராக என்னிடம் வந்தார்.

"அவன் சொன்னது அவன் பொழப்பு. எம் பேரக் கத்துனாளே, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. நீங்க எங்க வூட்ல உக்காந்து என்ன சொன்னீங்க?"

"வராதுன்னு சொன்னேன்."

"வந்துச்சா, இல்லியா?"

"வந்துடுச்சுங்க."

"அவ்ளோதான்" என்று திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்வார்கள். தனபால் இப்போது ஒவ்வொரு மேடையிலும் 'இது விருத்தாம்பா அக்காவுது' என்று சொல்லித்தான் தொடங்குகிறார். விருத்தாம்பாள் வீட்டுக்கே போய் அனுமதி கேட்டாராம். "செஞ்சிக்க. அந்த ரகசியத்த மட்டும் தொடாத" என்றாராம் அவர். அதனால் இன்றும் சங்குதான் ஊதுகிறது. என்னைப் பார்க்கிறவர்கள், நீங்கள் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் உண்மை வந்திருக்குமா என்கிறார்கள். வந்திருக்காமல் போயிருக்கலாம். அது தனபாலின் பொய். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியவர் அவர். உண்மையை வெளியே கொண்டுவர நான் செலவழித்தது என்னுடையதை அல்ல. ஓர் அடுக்களையில், டீ ஆறுவதற்குள், என்னை நம்பி ஒருவர் கொடுத்ததை. உங்கள் எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் கேளுங்கள், மறுபடியும் கேளுங்கள், காத்திருங்கள். உங்கள் கையில் இருப்பது உங்களுடையதுதானா என்று மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மாதம் கழித்து விருத்தாம்பாள் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை, வெளியே நாற்காலி போட்டார். டீ கொடுத்தார்.

"ரெண்டு மாசம் எங்கிட்ட சரியாவே பேசல அவரு" என்றார். "இப்பல்லாம் சாயங்காலம் ஆனா, எங்கம்மாவக் கொஞ்சம் பேசச் சொல்லுங்கறாரு. பேசுறேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"அதுக்காவ நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது."

"ஆகாதுங்க."

"டீயக் குடிங்க. பேட்டி கீட்டின்னு மட்டும் கேட்டுடாதீங்க."

என் பையில் ரெக்கார்டர் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறவள் அதை ஏன் எடுத்துப் போனேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அதை வெளியே எடுக்காமல் டீயைக் குடித்து முடித்தேன். படியிறங்கும்போது உள்ளே கலியபெருமாள் ஏதோ கேட்டார். பிறகு அந்தக் குரல் தொடங்கியது. இதுவரை எந்த மேடையிலும் வராத, நான் கேட்டேயிராத ஒரு சண்டை. ஒரு நிமிடம் நின்று கேட்டால் என்ன என்று கால் தயங்கியது.

செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே ஜங்ஷனைப் பார்த்து நடந்தேன்.